நாள் கடத்திய பேழை

மேற்றிசைக் குன்றின் தோளில் ஞாயிறு தன் தளர்ந்த கைகளை ஊன்றி இறங்கும் பொழுதில், ஆற்றை ஒட்டி வளைந்து கிடந்த அந்நகரின் ஓட்டுக்கூரைகள், சூளையினின்று அப்போதே எடுத்து அடுக்கிய செங்கற்கள்போல் கனன்று சிவந்தன. பாலத்தின்மேல் பணி முடித்து மீள்வோர் விரைந்தனர். மாடிகளில் உலர்ந்த துணிகளை மடித்தெடுக்கும் கைகள் தெரிந்தன. பலகணிதோறும் ஒவ்வொன்றாய் விளக்குகள் விழித்தன. வீடு திரும்புவதற்கென்றே அமைந்தது போன்ற அவ்வேளையில், வீடு திரும்ப விரும்பாத ஒருத்தி, ஆற்றங்கரைக் கிடங்குத் தெருவின் கடைக்கோடியில், தன் பட்டறை வாயிலில் நின்று, தோளிலும் புருவத்திலும் படிந்த மரத்தூளைத் தட்டிக்கொண்டிருந்தாள். அன்புடைப் படிப்பாளரே, அத்தெருவார் அவளை ‘உளியக்கா’ என்றனர். நாமும் அவ்வாறே அழைப்போம்.

ஐம்பதைக் கடந்த அவள், நெடுங்காலம் ஓர் அலுவலகத்தின் மூலையில் அமர்ந்து, பிறர் சொல்லும் சொற்களைத் தட்டச்சு செய்தே வாழ்ந்தவள். ஆயினும் அவள் நெஞ்சம் குடியிருந்தது மரத்தில். மற்றைச் சிறுமியர் பாவைக்குச் சோறூட்டிய பருவத்தில் அவள் பாவைக்குக் கட்டில் செய்தாள்; மற்றை மகளிர் மணவாளனைக் கனாக் கண்ட பருவத்தில் அவள் வேங்கைப் பலகையின் வரியோட்டத்தைக் கனாக் கண்டாள். நோயுற்ற தாயைப் பேணுவதிலேயே ஆண்டுகள் கழிந்தன. தாய் மறைந்தபின், விடுமுறை நாள்களில் மட்டும் அடுக்களைப் புறத்தே ஒலித்துவந்த இழைப்புளியை வாழ்க்கைத் தொழிலாக்கத் துணிந்து, அலுவலகத்தை விட்டு நீங்கினாள். செய்தி கேட்டு ஓடிவந்த தம்பி தலையில் கைவைத்து அமர்ந்தான்.

“இந்த வயசுல உளியப் பிடிச்சு என்னக்கா பண்ணப் போற?”

“பிடிச்சதைப் பண்ணப் போறேன்டா,” என்றாள் அவள். தம்பி சிரித்துவிட்டுப் போனான்.

கடையில் விற்கும் அலமாரிப் பேழைகளை அவள் செய்யவில்லை. வேண்டுவோர் வீட்டிற்குச் சென்று, சுவரின் சாய்வையும் மூலையின் கோணலையும் அளந்து, இன்ன இடத்திற்கு இன்னார்க்கென்றே செய்து தருவதே அவள் தொழில். அதனால் பலர் வீட்டு உள்ளறைகளை அவள் கண்டாள். கணவன் மேலடுக்கையும் மனைவி கீழடுக்கையும் கேட்டு வழக்காடும் வீட்டில், சிரிப்பை அடக்கிக்கொண்டு அளவுகோலை நீட்டினாள். பிறவாத பிள்ளையின் ஆடைக்கு இழுப்பறை வேண்டிய வீட்டில், அதன் விளிம்பைக் குழவியின் கன்னம்போல் தேய்த்துக் கொடுத்தாள். பேழை நிலைபெற்ற நாளோடு அவ்வீட்டுக் கதவுகள் அவளுக்கு மூடிக்கொண்டன. விருந்துக்கு இலை போட்டவனே பசியோடு திரும்புவதுபோல, பிறர் வாழ்வுக்கு இடம் வகுத்துவிட்டு, இருமினால் தன் இருமலே மறுமொழி சொல்லும் பட்டறைக்கு அவள் மீண்டாள். அலுவலகத்தில் அன்பில்லையாயினும் ஆளிருந்தது. இங்கே அன்பு முழுதும் மரத்தின்மேல் இருந்தது, ஆளில்லை.

இந்நிலையில்தான், மூன்றாம் தெருவில் தனித்து வாழ்ந்த தையற்காரி ஒருத்தி பட்டறைக்கு வந்தாள், உளியக்காவினும் மூத்தவள், நூலிழைபோல் மெலிந்த உடலும், ஊசிபோல் கூரிய நகைச்சுவையும் உடையவள்.

“கண்ணு கொஞ்சம் மங்குதுங்க. ஊசி, நூல், பொத்தான், எல்லாத்துக்கும் தனித்தனி அறை வேணும். தொட்டாலே எது எதுன்னு தெரியணும். செய்வீங்களா?”

“செய்யறேன் அக்கா. வேலை நடக்கும்போது வந்து பாருங்க.”

“மாட்டேன். பாதி தைச்ச துணிய நானும் யாருக்கும் காட்டறதில்ல. முடிச்ச பிறகுதான் பார்ப்பேன். அறைகளோட பிடிய மட்டும் தொட்டுப் பார்க்க வர்றேன்.”

அவ்வாறே அவள் கிழமைதோறும் வந்தாள். உள்ளறையில் பேழையின் உடல் துணி மூடி நிற்க, முன்னறையில் இருவரும் அமர்ந்து பிடிகளை ஆய்ந்தனர். ஊசியறைக்கு மெல்லிய விளிம்பு, பொத்தானறைக்கு வட்டம், நூலறைக்குச் சுற்றிய கண்டுபோல் வரிகள். பேச்சு பிடியில் தொடங்கி எங்கெங்கோ சென்றது. தெருவே ‘உளியக்கா’ என்றாலும் தையற்காரி மட்டும் ஒப்பவில்லை. “ஊருக்கு நீ அக்கா, எனக்கு உளித் தங்கச்சி!” என்றாள். ‘நீங்க’ என்று தொடங்கிய சொல், எவரும் அறியாமல், ‘நீ’ என்று கனிந்திருந்தது. தாய் மறைந்தபின் தன்னை அவ்வாறு விளித்த பெண்குரலைக் கேளாதிருந்த உளியக்காவின் நெஞ்சம், கோடையில் வெடித்த நிலம் முதல் மழையைக் குடிப்பதுபோல் அச்சொல்லைக் குடித்தது.

பேழை முடிந்தது. பலகை விளிம்புகளில் புறாவின் வால்போல் விரிய வெட்டிய பற்கள் ஒன்றையொன்று கவ்வ, மூலைகள் மயிரிழையும் நுழையாமல் பொருந்தின. மெழுகு பூசிய பலகை தேனின் நிறம் கொண்டு ஒளிர்ந்தது. அவள் வாழ்நாளிற் செய்தவற்றுள் அதுவே தலையாயது. அதைக் கண்டு மகிழ வேண்டியவள் துணுக்குற்றாள். கொடுத்துவிட்டால் தையற்காரிக்கு இங்கு என்ன வேலை?

அடுத்த கிழமை தையற்காரி வந்தபோது, “மரம் இன்னும் காயல அக்கா,” என்றாள். அதற்கடுத்து, மெழுகு ஆறவில்லை என்றாள். பின்னர், ஈரக்காற்று அடிக்கிறது, இழுப்பறை இறுகும் என்றாள். பொய்க்குப் பொய் முட்டுக்கொடுத்து எழுப்பிய அக்கூரையின்கீழ் இருவரும் இனிதே பேசியிருந்தனர். தையற்காரி சுவரைத் தடவிக்கொண்டு வரத் தொடங்கியதை உளியக்கா கண்டாள். முதுமை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கண்டும் அவ்வாறே சொல்லிக்கொண்டாள்.

ஒரு கிழமை தையற்காரி வரவில்லை. மறுகிழமையும் வரவில்லை. காத்திருந்த நெஞ்சம் பொறாமல், உளியக்கா பேழையை வண்டியிலேற்றி மூன்றாம் தெருவிற்குச் சென்றாள். ஆள்கள் அதனை இறக்கி வைத்துவிட்டு அகன்றனர். பலகணி வழியே வெயில் வெள்ளமாய்ப் பாய்ந்த அறையில் தையற்காரி அமர்ந்திருந்தாள். உளியக்கா அவள் முன்னே, பேரொளியின் நடுவே நின்றாள்.

“யாரு?” என்றாள் தையற்காரி.

உளியக்கா ஓரடி முன்னே வந்தாள். “நான்தான் அக்கா.”

“தங்கச்சியா? அலமாரியும் வந்துடுச்சா?” தையற்காரி எழுந்து கைகளை நீட்டி, பேழையின் முகத்தைத் தடவினாள். “இது ஊசி. இது பொத்தான். இது நூலு...” தேர்வில் வென்ற சிறுமிபோல் சிரித்தாள். “நிறம் என்ன?”

“தேன் நிறம். வரி ஆத்துத் தண்ணி மாதிரி ஓடுது.”

“ம். போன மாசம்னா நானே பார்த்திருப்பேன். கண்ணு முழுசாப் போயிடும்னு டாக்டர் முன்னாடியே சொல்லிட்டார். உன்கிட்ட சொன்னா இரக்கப்பட்டு அவசரமா முடிப்ப, வேலை கெட்டுடும்னு சொல்லல. ஆயுசு முழுக்க அடுத்தவங்க துணியையே பார்த்த கண்ணு, எனக்குன்னு செஞ்ச ஒண்ண கடைசியாப் பார்க்கட்டும்னு ஒரு ஆசை. சரி விடு, மரம் காயலன்னா நீதான் என்ன பண்ணுவ?”

அவ்விடத்தே வாய் மூடியிருந்தால் உலகம் ஒருநாளும் அறிந்திராது. ஆனால் கோணல் பலகையை நேர்பலகை என்று விற்றறியாத அவள் நா அடங்கவில்லை.

“மரம் எப்பவோ காஞ்சிடுச்சு அக்கா. வேலையும் முடிஞ்சிடுச்சு. குடுத்துட்டா நீங்க வர மாட்டீங்களேன்னுதான்...”

தையற்காரியின் கை பேழையினின்று மெல்ல இறங்கியது. 

“ஒரு வார்த்தை சொல்லியிருந்தா சும்மாவே வந்திருப்பேனே,” என்றாள். “எனக்கு மட்டும் போக்கிடம் எங்க இருந்துச்சு?” பின்னர், முகத்தைத் திருப்பிக்கொண்டு, “இன்னைக்கு நீங்க போங்க. மனசு ஆறட்டும். ஆறினா சொல்லி அனுப்பறேன்.”

‘நீங்க’ என்ற அச்சொல், உளி பட்ட விரல்போல், உடனே வலிக்கவில்லை. பாலத்தைக் கடக்கையில்தான் வலிக்கத் தொடங்கியது.

திங்கள்கள் சென்றன. சொல்லி அனுப்பவில்லை. உளியக்கா மூன்றாம் தெருவின் முனைவரை சென்று பலமுறை மீண்டாள். வியப்பு யாதெனில், பட்டறைக்கு வேலை மட்டும் வந்து குவிந்தது. வந்தவருள் பலர் மூன்றாம் தெருவின் வழியே வந்தவராய் இருந்தனர். ஒருநாள் புதுமணத்தார் இருவர் வந்து நின்றனர்.

“தையலக்கா சொன்னாங்க,” என்றாள் மணப்பெண். “உங்க வேலையில ஒரு குறை சொல்ல முடியாதாம். ஆனா குடுக்கற நாளை மட்டும் ரெண்டு தடவை கேட்டு உறுதி பண்ணிக்கச் சொன்னாங்க.”

உளியக்கா சிரித்தாள், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்து, மரத்தூள் விழுந்தது என்றாள்.

“நல்லா இருக்காங்களா?”

“நல்லா இருக்காங்க. அலமாரிய தடவித் தடவி, கேட்ட பொத்தான நொடியில எடுத்துக் குடுக்கறாங்க.”

“என்னைப் பத்தி... வேற ஏதும் சொன்னாங்களா?”

மணப்பெண் எண்ணிப் பார்த்து, “இல்லையே,” என்றாள்.

அவர்கள் வேலையை அவள் குறித்த நாளுக்கு முன்னரே முடித்துக் கொடுத்தாள்; அதன்பின் எவர் வேலையையும் ஒருபொழுதும் தாழ்த்தினாளில்லை. கைத்திறன் சிறந்தது, பெயர் பரந்தது, பேழைகள் ஒன்றன்பின் ஒன்றாய் வண்டியேறிப் பிறர் இல்லங்களில் குடிபுகுந்தன. படிப்பாளரே, மரத்தைப் பிழைபடப் பிளந்தவர் பசையிட்டு ஒட்டுவர். ஒட்டிய அவ்விடம் பிளவுபடாத மரத்தினும் வலிது என்பர். மனத்திற்கு அத்தகைய பசையை எவரும் காய்ச்சி வைத்தாரில்லை. வாயாற் கேட்டிருந்தால் வாயிலுக்கே வந்திருக்கும் உறவு. அதைக் கரவாற் காக்க முயன்று இழந்தவள், ஆறும் என்று சொல்லப்பட்ட மனம் ஆறும் நாளை நோக்கி, இழைத்துக்கொண்டே இருந்தாள்.