இரண்டரை மில்லிமீட்டர்

இடுப்புக்குக் கீழே எதுவும் இல்லை. முதுகில் ஊசி போட்டுக் கால் மணி நேரம் ஆகியிருந்தது. கரிபசப்பா கட்டைவிரலை அசைக்கப் பார்த்தார். அப்படி ஒரு விரல் இருப்பதாகவே தெரியவில்லை.

மார்புக்கு மேல் பச்சைத் துணியைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். திரைக்கு அந்தப் பக்கம், மாற்றப்போகும் அவருடைய வலது முட்டி. இந்தப் பக்கம் அவரும் மயக்க மருந்து டாக்டர் டிசோசாவும்.

"பயமா மாமா?"

"குளிருது."

"எல்லாரும் அதான் சொல்வாங்க. காதுல மாட்டி விடறேன். பழைய பாட்டா, பக்திப் பாட்டா?"

"எதுவும் வேணாம். மிஷின் சத்தம் கேக்கணும்."

டிசோசா சிரித்தார்.

கரிபசப்பா பீன்யா தொழிற்பேட்டையில் முப்பத்தாறு வருடம் கடைசல் எந்திரம் ஓட்டியவர். காலையில் ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது மனைவி சிவலீலா நர்ஸிடம் சொன்னாள்: "ஆயிரம் மிஷினைப் பிடிச்ச மனுஷன். ஒரு மிஷின் இவரைப் பிடிக்கப் போகுதுன்னதும் மூணு நாளா களி தொண்டையில இறங்கல, பாத்துக்கோ." நர்ஸ் சிரித்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆபரேஷன் செய்யும் டாக்டர் வீணா ஹெப்பார் இரண்டு வாரம் முன்பு பிளாஸ்டிக் எலும்பை வைத்துக் காட்டியிருந்தார். தொடை எலும்பில் ஒரு கொம்பு, கீழ்க்கால் எலும்பில் ஒரு கொம்பு. கொம்பு நுனியில் உருண்டைகள். கேமரா அந்த உருண்டைகளைப் பார்த்துக்கொண்டே இருக்கும். டாக்டர் எலும்பை நாற்பது இடத்தில் தொட்டுக் காட்டுவார். எந்திரம் வரைபடம் போடும். ரம்பம் அந்த வரைபடத்தை விட்டு வெளியே போகாது.

கரிபசப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அப்புறம் கொம்பு நகர்ந்தா?"

"நகராது சார்."

அவரும் தரம் பார்க்க வந்த எத்தனையோ இன்ஸ்பெக்டர்களிடம் நகராது என்று சொல்லியிருக்கிறார். சில தடவை அது உண்மை.

எந்திரம் தப்புச் செய்யாது. தப்பான இடத்தில் சரியாக வெட்டும். அதைத்தான் மூன்று நாளாக நினைத்துக்கொண்டிருந்தார்.

"முப்பத்தொம்போது. நாப்பது." எந்திரத்தின் கணினியைப் பார்த்து எண் சொல்பவள் ஸ்மிதா. "செக் பண்ணிட்டேன் மேம். தள்ளல் ஜீரோ."

"ரம்பம்," என்றார் டாக்டர்.

சக்கரங்கள் உருண்டன. ரம்பம் பிடித்த எந்திரக் கை பக்கத்தில் வந்தது. அப்போது டக் என்று ஒரு சத்தம். இரும்பில் இரும்பு பட்ட சத்தம். சின்னக் குலுக்கல் ஒன்று அவர் தோள் வரைக்கும் வந்தது.

யாரும் எதுவும் சொல்லவில்லை.

அவர் காத்திருந்தார். யாராவது சொல்வார்கள். பார்த்திருப்பார்கள். பார்க்காமல் இருப்பார்களா? டிசோசா குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். வேலை ஓடும்போது வாய் திறந்தவர்களைக் கரிபசப்பாவே விரட்டியிருக்கிறார். கையில் ரம்பம் வைத்திருப்பவரை யார் கோபப்படுத்துவார்கள்? அதுவும் தன் கால் அங்கே கிடக்கும்போது.

ரம்பம் ஓடத் தொடங்கியது. காற்றில் ஓடுகிற சத்தம். இன்னும் எதையும் தொடவில்லை.

"மேடம்." வெறும் மூச்சுதான் வந்தது.

"மேடம்!"

ரம்பம் நின்றது.

"டிசோசா, வலிக்குதா அவருக்கு?"

"இல்ல. பேசறாரு."

"கொம்புல ஏதோ இடிச்சிச்சு," என்றார் கரிபசப்பா.

"அங்கிள், அது ட்ரே சத்தம்," என்றாள் ஸ்மிதா. "நீங்க கண்ண மூடிட்டு சிவா சிவான்னு படுங்க."

"ட்ரேன்னா என் தோள் எதுக்கும்மா குலுங்குது?"



"யார் இடிச்சது?" என்றார் டாக்டர். "கேக்கறேன்ல?"

"நான்தான் மேம்." உதவி டாக்டர் நாகேஷின் குரல். "கையில இருந்த கொக்கி பட்டுடுச்சு. லேசாத்தான். நகர்ந்திருக்காதுன்னு நெனச்சேன்."

"ஸ்மிதா, திரும்பப் பாரு."

எந்திரம் கீச்சென்றது. முன்பு அப்படிக் கத்தவில்லை.

"மேம். ரெண்டரை."

"ரெண்டரை என்ன?"

"மில்லிமீட்டர். தள்ளியிருக்கு."

மயிரிழை தள்ளியதற்கே அவர் எத்தனையோ இரும்பைத் தூக்கி எறிந்திருக்கிறார். எறிந்தால் இன்னொரு இரும்பு வரும். தோள் நடுங்க ஆரம்பித்தது. பிறகு தாடை. பற்கள் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டன.

டிசோசா கம்பளியை இழுத்துப் போர்த்தினார். "தூங்க ஊசி போடறேன் மாமா. முழிச்சா எல்லாம் முடிஞ்சிருக்கும்."

"போடாதீங்க."

"எதுக்கு இவ்வளவு அவஸ்தை?"

"நான் தூங்கிட்டா யாரு கேக்கறது?"

டிசோசா இந்தத் தடவை சிரிக்கவில்லை.

கொம்பை இறுக்கினார்கள். முதலிலிருந்து தொட்டார்கள். ஒன்று, இரண்டு, மூன்று. ஸ்மிதாவோடு சேர்ந்து அவர் உதடும் எண்ணியது. நாற்பது வந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணச் சொல்லலாமா என்று இருந்தது.

திரைக்கு மேலே இரண்டு கண்கள் தெரிந்தன. டாக்டர்.

"கரிபசப்பா சார். ஜீரோ வந்துடுச்சு. ஆரம்பிக்கலாமா?"

எல்லோரும் அவருடைய ஒரு சொல்லுக்காக நின்றார்கள். இவ்வளவு நேரம் தப்பு அவர்களுடையதாக இருந்தது. இனி சரி என்று சொன்னால் அவருடையதும்.

"இன்னொரு தரம் தொட்டுப் பாருங்க."

"பாத்துட்டேன் சார்."

"பாருங்க மேடம். கும்பிடறேன்."

கண்கள் மறைந்தன. எங்கோ கருவி தொட்டிருக்க வேண்டும். அவருக்குத் தெரியவில்லை.

"ஜீரோ," என்றாள் ஸ்மிதா.

"இப்போ?"

வாயைத் திறந்தால் பல் அடித்தது. கையை நீட்டி டிசோசாவின் இரண்டு விரலைப் பிடித்துக்கொண்டார்.

"ம்."

ரம்பம் காற்றில் ஓடியது. பிறகு சத்தம் கனத்தது.

"வலிக்குதா மாமா?"

"இல்ல." விரலை விடவில்லை. "இன்னும் எவ்வளவு நேரம்?"

"இப்பதான் மாமா ஆரம்பிச்சிருக்காங்க."