கறுப்பு வட்டத்தில் ஏழு ஓட்டை

பிச்சைமுத்து தடுப்பு முகாமில் காய்ச்சல் கண்டு செத்துப்போன செய்தியை அவன் மனைவி பாக்கியலட்சுமியிடம் சொன்னவர் தோட்டத்துத் தலைமைக் கணக்கர், பெரிய கிராணி பாலகிருஷ்ணன். பாலெடுக்க ரப்பர் மரம் வெட்டிவிட்டு வந்தவளை ஆபீஸ் படிக்குக் கீழே நிறுத்தி, பல் குத்திக்கொண்டே சொன்னார்.

"பொணத்த அங்கயே பொதச்சிட்டாங்களாம். நீ போயி பாக்க ஒண்ணும் இல்ல."

காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்கார அரசு அறிவித்த அவசரகாலம் பிறந்து மூன்று ஆண்டு ஆகியிருந்தது. மலாக்காவை அடுத்த நியாலாஸ் பக்கத்து அந்தத் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். காலையில் வேலைக்குப் போகிறவர்களை வாசலில் நிறுத்தி, சோற்றுப் பொட்டலம் எதுவும் காட்டுக்குப் போகிறதா என்று சோதிப்பார்கள். காட்டில் இருந்தவர்களுக்குப் பிச்சைமுத்து அரிசி கொடுத்தான் என்று போலீசில் சொன்னது பாலகிருஷ்ணன். பிச்சைமுத்து அரிசி கொடுக்கவில்லை. ரப்பர் பால் நிறுவையில் கிராணி ஏமாற்றுகிறார் என்று தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரையிடம் நேரில் போய்ச் சொன்னான், அவ்வளவுதான். அடுத்த வாரமே போலீஸ் லாரி வந்து அவனை ஏற்றிக்கொண்டு போனது.

அவன் பெயரைச் சொல்லி அழக்கூட லயத்தில் ஒருவர் வரவில்லை. எல்லோருக்கும் பயம். பாக்கியமும் அழவில்லை. அவளுக்குள் வேறொன்று எரிந்துகொண்டிருந்தது.

தோட்டத்து அதிகாரிகள் இடுப்பில் கைத்துப்பாக்கியோடு நடமாடிய காலம் அது. துரையும் அவருக்கு அடுத்த அதிகாரியான சின்னத்துரையும் பெரிய கிராணியும் ஞாயிற்றுக்கிழமைகளில் சுட்டுப் பழகுவதற்காக, ரப்பர் ஷீட் காயவைக்கும் புகைவீட்டுக்குப் பின்னால் ஒரு மண்மேடு எழுப்பியிருந்தார்கள். மேட்டுக்கு முன்னால் சாக்கு அடித்த மரச்சட்டங்கள். அவற்றின்மேல் வெள்ளைத்தாள் ஒட்டவேண்டும். தாளில் ஒன்றுக்குள் ஒன்றாக வட்டங்கள், நடுவட்டம் மட்டும் கறுப்பு. சுடும்போது சட்டத்துக்கு அடியில் வெட்டிய குழிக்குள் பதுங்கியிருந்து, விசில் கேட்டதும் சட்டத்தை உள்ளே இறக்கி, தாளை உரித்துக்கொண்டுபோய்க் காட்ட ஓர் ஆள் தேவைப்பட்டது. தலைக்குமேல் தோட்டா பறக்கிற வேலைக்கு யாரும் வரவில்லை. பாக்கியம் தானாகப் போய்க் கேட்டாள்.

"புருஷன் இல்லாதவ, ஏதோ பொழச்சிக்கட்டும்" என்று துரை சம்மதித்தார். பாலகிருஷ்ணன் சிரித்தார். "செத்தாலும் ஏன்னு கேக்க ஆளு இல்ல. சரியான ஆளுதான் துரை."

ஏன் அந்த வேலையைக் கேட்டோம் என்று முதலில் அவளுக்கே தெரியவில்லை. ஒரு துப்பாக்கியாவது கைக்கு எட்டாதா என்று நினைத்திருக்கலாம். எட்டவில்லை. ஆனால் மரவள்ளிமாவுப் பசை காய்ச்சி, தாள் ஒட்டி, உரித்து வந்ததில் மற்றவர்களுக்குத் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரிந்தது. துரையின் தாளில் ஓட்டைகள் கறுப்பைச் சுற்றி நெருங்கியிருக்கும். பாலகிருஷ்ணனின் தாளில் பத்துக்கு மூன்று பட்டால் பெரிது. அதுவும் ஓரத்தில். மற்றதெல்லாம் மண்ணுக்குள் போய்விடும்.

"தாள கோணலா ஒட்டியிருக்கா பாருங்க, சனியன்!" என்று ஒருநாள் அவர் அவள்மேல் பாய்ந்தார். துரை உதட்டைச் சுழித்தார். பாலகிருஷ்ணனின் முகம் செத்துப்போனதைப் பாக்கியம் பார்த்தாள். இந்த மனிதனுக்கு எங்கே வலிக்கும் என்பது அந்த நிமிடத்தில் அவளுக்குப் புரிந்தது.

மண்மேட்டைக் கிளறி, நசுங்காத ஈயத்தோட்டா ஒன்றைத் தேடியெடுத்து மூங்கில் குச்சியின் நுனியில் இறுக்கினாள். அதை வைத்துத் தாளில் குத்தினால், சுட்ட ஓட்டை போலவே விளிம்பில் சாம்பல் நிற வளையம் விழுந்தது. அடுத்த ஞாயிறு, பாலகிருஷ்ணன் சுட்ட தாளை உரித்துச் சேலைக்குள் திணித்துக்கொண்டு, முன்கூட்டியே குத்திவைத்த தாளைக் கொண்டுபோய்க் காட்டினாள். கறுப்பில் இரண்டு, வெளியே மூன்று. உண்மைத்தாள் புகைவீட்டு அடுப்பில் எரிந்தது.

அவசரப்படவில்லை. வாரத்துக்கு ஓர் ஓட்டையாகக் கூட்டினாள். கறுப்பில் ஏழு விழுந்த அன்று துரை அவர் முதுகில் தட்டி, "வெல் டன், கிராணி" என்றார்.

பாலகிருஷ்ணனின் நடையே மாறிவிட்டது. துப்பாக்கி உறையைப் பின்னுக்குத் தள்ளிவைத்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். பாக்கியத்திடம்கூட ஒருநாள், "பாத்தியா? எல்லாம் கைப்பழக்கம்லா" என்றார்.

"ஆமாங்கையா. ஐயா கைக்கு யாரு வருவா" என்றாள் அவள். அதைச் சொல்லும்போது வாய் கசந்தது. ஆனாலும் சொல்லச் சொல்ல ஒரு சுகமும் இருந்தது.

மலாக்காவில் தோட்டத்து அதிகாரிகளுக்கென்று கைத்துப்பாக்கிப் போட்டி வந்தது. சேர விரும்புகிறவர்கள் தாங்கள் சுட்டுப் பழகிய தாள்களை முன்னாடியே அனுப்பவேண்டும். பாக்கியம் குத்திய தாள்களின் அடியில் துரை கையெழுத்துப் போட்டு அனுப்பினார். நம் கிராணியை யாரும் அசைக்க முடியாது என்று கிளப்பில் மற்ற துரைமாரிடம் பந்தயமும் கட்டியிருந்தார்.

அங்கே நடந்ததைக் கார் டிரைவர் தம்புசாமி திரும்பி வந்து குழாயடியில் சொன்னார்.

"பத்து குண்டு சுட்டாரு. தாள்ல ரெண்டு. ஒண்ணு பக்கத்து ஆளு தாள்ல! சனமெல்லாம் கைதட்டிச் சிரிக்குது. அப்புறம் ஒரு வெள்ளக்காரன் நம்ம துரைகிட்ட அந்தப் பழைய தாள நீட்டி, இது யாரு செஞ்ச வேலன்னு கேட்டான். துரை மூஞ்சி தக்காளி மாதிரி ஆயிருச்சி. வரும்போது கிராணிய கார்ல ஏத்தல பாக்கியம். பஸ்ல வான்னுட்டாரு."

"அவரு என்ன சொன்னாரு அண்ணே?"

"என்னத்த சொல்லுவாரு? அழுதுட்டாருன்னுதான் நெனக்கிறேன்."

பாக்கியம் வாளியில் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். கதவைச் சாத்திவிட்டுச் சிரித்தாள். பிச்சைமுத்து போனபிறகு முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தாள்.

மறுநாள் பால் நிறுக்கும் கொட்டகையில் எல்லோரும் வாளியோடு வரிசையில் நின்றார்கள். தோட்டக் காவலுக்குப் போட்டிருந்த ஸ்பெஷல் கான்ஸ்டபிள் ரஹீம் துப்பாக்கியோடு தூணோரம் நின்றிருந்தார். சவரம் செய்யாத முகத்தோடு பாலகிருஷ்ணன் வந்தார். ஓர் இரவு முழுக்க யோசித்து, அந்தத் தாள்களைத் தொட்டது ஒரே ஒரு கைதான் என்று கண்டுபிடித்துவிட்டிருந்தார்.

"ஏய்! தாள மாத்துனது நீயா?"

இல்லை என்று சொல்லியிருந்தால் அவரால் ஒன்றையும் நிரூபித்திருக்க முடியாது. பாக்கியம் வாளியைக் கீழே வைத்தாள்.

"நாந்தான். நீ சுட்ட குண்டு ஒண்ணுகூட கறுப்புல பட்டது இல்ல. ஒவ்வொரு ஓட்டையும் நான் குத்துனது."

கிராணியை 'நீ' என்று ஒருத்தி சொல்லி அங்கே யாரும் கேட்டதில்லை.

"நாயே, எதுக்குடி?"

"அரிசி குடுத்தான்னு போலீஸ்ல சொன்னியே, எதுக்கு?"

"ஆமா, சொன்னேன்! எவன் குடுத்தா எனக்கென்ன? என் நிறுவையில வாய வச்சான், அனுப்பினேன். உன்னயும் அங்கயே அனுப்புறேன் பாரு!"

துப்பாக்கி வெளியே வந்தது. பக்கத்தில் நின்றவர்கள் சிதறினார்கள். பாக்கியம் நகரவில்லை. அந்தக் கையைப் பற்றி அவளுக்கு எல்லாம் தெரியும்.

"சுடு. ஒனக்கு வராது."

வெடித்தது. அவளுக்கு இடப்பக்கம் நான்கடி தள்ளி, வரிசையில் நின்ற சுப்பம்மாவின் இடுப்புக்குப் பக்கத்தில் இருந்த வாளியைக் குண்டு துளைத்தது. வெள்ளைப் பால் சுப்பம்மாவின் காலில் பீறிட்டது. சுப்பம்மா அலறினாள். பாலகிருஷ்ணன் இரண்டாவது முறை விசையைத் தொடுவதற்குள் ரஹீம் துப்பாக்கிக் கட்டையால் அவர் மணிக்கட்டில் ஓங்கி அடித்தார்.

குண்டு ஒரு சாண் தள்ளிப் போயிருந்தால் சுப்பம்மா செத்திருப்பாள். பாக்கியம் அதைப் பிறகு யோசித்தாள். ஆனாலும் நாந்தான் என்று சொன்னதற்காக வருந்தவில்லை.

மலாக்கா நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. பிச்சைமுத்துவைப் பற்றிச் சொல்ல அவள் வாயெடுத்தபோது, "அது இந்தக் கேஸ்ல இல்லம்மா. சுட்டத மட்டும் சொல்லு" என்று மொழிபெயர்ப்பாளர் தடுத்தார். அவள் சுட்டதை மட்டும் சொன்னாள். பாலகிருஷ்ணனுக்கு ஐந்து வருடச் சிறை கிடைத்தது. கைவிலங்கோடு அவரை அழைத்துப் போனபோது அவர் அவளைப் பார்க்கவில்லை. அவள்தான் கண் எடுக்காமல் பார்த்தாள்.

லயத்துப் பெண்கள் ஒவ்வொருவராக மறுபடி பேச வந்தார்கள். கேட்டதற்கு மட்டும் பாக்கியம் பதில் சொன்னாள். ஒருநாள் துரை கூப்பிட்டு, புலாவ் செபாங் பக்கத்துத் தோட்டத்தில் வேலை வாங்கித் தருவதாகச் சொன்னார். இங்கே இருந்தால் பழைய நினைப்பு வரும், அங்கே யாருக்கும் உன்னைத் தெரியாது என்றார். அவள் வேண்டாம் என்றுவிட்டாள்.

"ஏன் பாக்கியம்? நல்ல எடந்தானே. நிம்மதியா இருக்கலாம்ல" என்று தம்புசாமி கேட்டார்.

"என் புருஷன் திரும்பி வரமாட்டாரு அண்ணே. ஜெயில்லேருந்து இவன் வருவான்" என்றாள் பாக்கியம். "வரும்போது நான் இங்க இருக்கணும்."