கெண்டிக்கு மெருகு

சாவோஜோ நகரத்தில் பழைய மண்கெண்டியை உண்மையாக அறிந்தவன் ஒருவன்தான் உயிரோடு இருக்கிறான், அது தான்தான் என்று ஜுவாங் அறிவித்தபோது தேநீர் நண்பர்கள் யாரும் சிரிக்கவில்லை. எல்லார் வாயிலும் சுடச்சுடத் தேநீர் இருந்தது.

ஜுவாங் வீட்டில் வைத்திருக்கும் கெண்டி சீனாவின் சிங் அரசர் காலத்தது. மாதுளம்பழ அளவு, கருஞ்சிவப்பு மண். தலைமுறை தலைமுறையாகத் தேநீர் ஊறி, உள்ளே விளக்கேற்றி வைத்ததுபோல் மின்னும்.

எதிரே பக்கத்து வீட்டு கோ, வழக்கம்போலத் தன் கெண்டியை மூக்கோரத்தில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். முகத்து எண்ணெய் பட்டால் மண் பளபளக்கும் என்பது அவர் கட்சி.

“யோவ் கோ, அது கெண்டியா, உன் மூக்குக்கு வாச்ச பொண்டாட்டியா?” என்றார் ஜுவாங். “மெருகு தேநீர்ல வரணும்யா. மூஞ்சியில வடியறதப் பூசினா அதுக்குப் பேரு மேக்கப்பு.”

“உனக்கு மூக்கு சின்னது, பொறாமைப்படுற. நாளைக்கு உன் வீட்டு ஜன்னல்ல ரெண்டையும் வச்சுப் பாப்போம். எது மின்னுதோ, அதோட ஆளுதான் இனிமே நம்ம கூட்டத்துல முதல் தேநீர் ஊத்தணும்.”

முதல் தேநீர் ஊற்றுவது இத்தனை வருஷமும் ஜுவாங்தான். அந்தக் கூட்டத்தில் அதைவிடப் பெரிய பதவி கிடையாது. “வா, பாத்துரலாம்,” என்று எழுந்தார்.

வீட்டுக்கு வந்தால் அடுக்களையில் எலுமிச்சை சோப்பு வாசனை. போன வாரம்தான் ஹார்பினிலிருந்து வந்த புது மருமகள் ரூய்லின், அந்தச் சிங் கெண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் ஊரில் தேநீரைக் கண்ணாடிப் புட்டியில் குடிப்பார்கள். குடித்ததும் சோப்புப் போட்டுக் கழுவிவிடுவார்கள்.

“என்ன அழுக்கு மாமா! உள்ளயெல்லாம் கறுப்பா ஒட்டிக் கெடந்துச்சு. லேசுல போகல. நானும் விடல.”

புது மருமகளைத் திட்டக் கூடாது. ஜுவாங் கெண்டியை மெல்ல வாங்கிக்கொண்டார். “கை வலிச்சிருக்குமேம்மா.”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல. மத்த கெண்டிங்களையும் எடுத்துட்டு வாங்க மாமா.”

மற்றதையெல்லாம் அவர் அலமாரியில் வைத்துப் பூட்டினார். பிறகு கெண்டியில் தேநீர் ஊற்றினார். கெண்டி மூக்கின் நுனியில் ஒரு சோப்புக் குமிழி வந்து, நிதானமாகப் பெரிதாகி, உடைந்தது. மேலெல்லாம் தேநீரை ஊற்றி ஊற்றித் துடைத்தார். நுரை வருவது நின்றது; பளபளப்பு வரவில்லை. அன்று காலை சூளையிலிருந்து இறக்கிய செங்கல்போல இருந்தது கெண்டி.

சாயங்காலம் ரூய்லின் குளியலறைக் கதவைத் தட்டினாள்.

“மாமா, ரொம்ப நேரமா உள்ளயே இருக்கீங்க. உடம்பு சரியில்லையா?”

“லேசா ஜலதோஷம்மா. ராத்திரிக்கு பன்றிக்கறி இருக்கா?”

“ஜலதோஷத்துக்குக் கஞ்சிதானே வைப்பாங்க?”

“வேணாம்மா. கறியே பண்ணு. எண்ணெய் தாராளமா விடு.”

அவள் காலடிச் சத்தம் போகும்வரை பொறுத்திருந்து, ஜுவாங் கெண்டியை இடது மூக்கோரத்திலிருந்து வலது மூக்கோரத்துக்கு மாற்றிக்கொண்டார்.