பாட்டிலக்காவின் மாற்றல்

கோபத்தில் எழுதிய மனு எதுவும் உருப்பட்டதாகக் கேள்விப்பட்டதில்லை. பாட்டிலக்கா எழுதியது மட்டும் உருப்பட்டுத் தொலைத்தது.

பதினோரு மாதத்துக்கு முன், இந்த ஆற்றங்கரை ஊரின் குடிநீர் நிலையத்துக்குப் பரிசோதகராக வந்த முதல் வாரத்தில் எழுதிய மனு அது. மனுஷர் இருக்க முடியாத வெயில், ஆகவே பழையபடி பெருநகர ஆய்வகத்துக்கே அனுப்புங்கள் என்று கேட்டிருந்தாள். அங்கே அதே வேலையில் இருந்த ஒருவர் இடம் மாறிக்கொள்ளத் தயாராக இருந்தார். அவர் வேறு யாருமில்லை, அவள் குடியிருக்கும் வீட்டுக்குச் சொந்தக்காரர். பிழைப்புக்காக அவர் அங்கே. மனைவியும் மூன்று வயது மகளும் இங்கே கீழ்வீட்டில். மாடி காலியாக இருப்பதை அவளுக்குச் சொன்னவரே அவர்தான். ஆளுக்கொரு கையெழுத்துப் போட்டால் இரண்டு பேருக்கும் விமோசனம் என்று போனிலேயே பேசி முடித்தார்கள்.

மனு தலைமை எழுத்தர் மேசைக்குப் போனது. நல்ல மனிதர்தான், ஆனால் அவர் மேசைக்குப் போன காகிதம் கிணற்றில் போட்ட கல். நாலு மாதத்தில் அவளே அதை மறந்துவிட்டாள்.

மறந்ததற்குக் காரணம் இருந்தது. முதலில் துணி காய்ந்தது. பெருநகரத்தில் அவள் அறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். துவைத்த துணி இரண்டு நாள் ஈரம் கோத்துக் கிடந்து வாடை அடிக்கும். இங்கே ஒன்பது மணிக்குக் கொடியில் போட்டதைப் பத்தரைக்கு எடுத்தால் மொடமொடவென்று இருந்தது. அதை முகத்தில் வைத்துக்கொண்டு அவள் மொட்டை மாடியில் சும்மா நின்றாள். பிறகு ஏழு வருடத்து இருமல் சொல்லாமல் கொள்ளாமல் போனது. மதியம் இரண்டு மணிக்குக் கடைகளை அடைத்துவிட்டு ஊரே தூங்குவதைப் பார்த்து முதல் மாதம் "சோம்பேறிக் கூட்டம்" என்று திட்டினாள். மூன்றாம் மாதம் அந்நேரத்தில் யாராவது கதவைத் தட்டினால் அவளுக்கே கோபம் வந்தது.

தினம் காலை படகுக்காரரோடு போய் ஆற்றில் ஐந்து இடத்தில் தண்ணீர் பிடிப்பது அவள் வேலை. பாட்டில்கள் கலகலக்கத் தெருவில் நடப்பவளுக்கு ஊர் வைத்த பெயர்தான் பாட்டிலக்கா. பாட்டில் என்றால் உலகம் என்ன நினைக்கும் என்று முதலில் முகம் சுருங்கியது. போகப்போக, அந்தப் பெயரைப் பாதி கூப்பிடுவதற்குள் திரும்பிப் பார்த்தாள்.

நாற்பத்திரண்டு வயதில் நீச்சலும் கற்றாள். சொல்லிக் கொடுத்தவள் கீழ்வீட்டுக்காரி.

"கால இப்படி உதறாதீங்கக்கா. தண்ணி என்ன உங்களுக்கு ஜென்மப் பகையா?"

பத்தொன்பது வருடமாகத் தண்ணீரின் கலங்கலை அளந்தவள் அதற்குள் தலையை விட்டது அப்போதுதான். நீந்திப் போய் நடு ஆற்று மணல் திட்டில் ஏறிய அன்று, வெயிலில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே அழுதாள். இந்த ஊரின் மேல் தனக்கு ஆசை வந்துவிட்டது என்று அப்போது தெரிந்தது.

கல் கிணற்றிலிருந்து எழுந்து வந்தது ஒரு திங்கட்கிழமை. எழுத்தர் தானே ஆய்வகத்துக்கு நடந்து வந்து உத்தரவை நீட்டினார்.

"நீ வந்தப்ப அழாத குறையா நின்னியேம்மா, அது என் மனச விட்டுப் போகல. நேர்லயே ரெண்டு தடவை போய் வாங்கினேன். வெள்ளிக்கிழமைக்குள்ள சம்மதம்னு கையெழுத்துப் போடணும். மாட்டேன்னா ரெண்டு பேருக்குமே ரத்து."

வாழ்நாளில் அவர் ஓடோடி முடித்த ஒரே காரியம். அவள் நன்றி சொன்னாள், வேறென்ன சொல்வது?

மூன்று நாள் கீழ்வீட்டு வாசல் பக்கமே போகாமல் பின்படியில் ஏறி இறங்கினாள். புதன்கிழமை கீழ்வீட்டுக்காரி மொட்டை மாடிக்கே வந்துவிட்டாள்.

"ஆர்டர் வந்துடுச்சாமே. அவர் சொன்னார்."

"வந்துச்சு. கையெழுத்துப் போட மனசு வரல. எனக்கு இங்கேர்ந்து போகப் பிடிக்கல."

கீழ்வீட்டுக்காரி கொடியில் கிடந்த துண்டை இழுத்து மடித்தாள். பிரித்து மறுபடி மடித்தாள்.

"நீங்க போறது எனக்கும் பிடிக்கல. ஆனா மறைக்க மாட்டேன்க்கா, எனக்கு அவர் வரணும். போன தடவை வந்தப்ப பாப்பா அவர் எதிர்லயே, இந்த மாமா எப்போ போவார்னு கேட்டா. சிரிச்சுட்டு எழுந்து போய், குளியலறைல குழாயத் திறந்து விட்டுட்டு அழுதார்."

பாட்டிலக்காவுக்குக் கோபம் வரவில்லை. பெருநகரத்தில் எதிர்வீட்டுக்காரருக்கு அவள் இருப்பதே தெரியாது. இங்கே ஒருத்தி கொடியடியில் நின்று மனதில் இருப்பதைப் போட்டு உடைக்கிறாள். இப்படிப்பட்ட ஆளை விட்டுவிட்டு எங்கே போவது?

வெள்ளிக்கிழமை எழுத்தர் முன் இரண்டு காகிதங்களை வைத்தாள். முதலாவது மாற்றலுக்குச் சம்மதம். எழுத்தர் முகம் மலர்ந்தது. இரண்டாவதைப் படித்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு திரும்பவும் படித்தார்.

"ராஜினாமாவா? கால் காசுன்னாலும் கவர்மென்ட் காசும்மா. இதக் கொடுக்கறவ அத எதுக்குப் போட்ட?"

"அதப் போட்டாத்தானே சார் அவர் வர முடியும். அங்க போய் நான் சேராதது என் பாடு."

"சாப்பாட்டுக்கு?"

"சாயப்பட்டறைல கூப்பிட்டிருக்காங்க. தண்ணி கடினமாயிட்டா அவங்களுக்குச் சாயம் சரியா பிடிக்கறதில்ல, பாத்துச் சொல்ல ஆள் வேணுமாம். பாதிச் சம்பளம்."

"உங்கம்மாகிட்ட சொல்லிட்டியா?"

"சொன்னேன். ரெண்டு நாளா போனை எடுக்க மாட்டேங்கறாங்க."

வெளியே வந்தாள். முதுமையை நினைத்தாள், ஓய்வூதியத்தை நினைத்தாள், பயமாகத்தான் இருந்தது. திரும்பிப் போய்க் காகிதத்தை வாங்கிக்கொள்ள மட்டும் கால் வரவில்லை.

வீட்டுக்குப் போய் முன்வாசல் வழியாகவே நுழைந்தாள்.

"அவர் வர்றார். மாடிய நான் காலி பண்ணல, சொல்லிட்டேன்."

கீழ்வீட்டுக்காரிக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. "வேலைய விட்டுட்டீங்களா? எங்களுக்காகவா அக்கா?" என்று கேட்டாள்.

"உனக்காக எதுக்கு விடறேன்? எனக்கு இங்க இருக்கணும், அவ்வளவுதான். நன்றி கின்றின்னு சொல்லி என்னைச் சாகடிக்காத."

அது முக்கால்வாசி உண்மை.