லாடம் கத்தவில்லை

"துடைக்கும்போது கத்துச்சா?"

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் படக்காரர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். கத்தத்தான் செய்தது. ஈரத்துணியோடு அந்த இயந்திரத்தின் விளிம்பைத் தொட்டதும் அது 'கீ' என்று அலற, நான் துணியைக் கீழே போட்டுவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவர் சிரித்துக்கொண்டே வந்தார்.

"பயப்படாத. கத்தினா நல்லது. கத்தலைன்னாதான் பயப்படணும்" என்றார்.

அது இதயத்தின் ரத்தக்குழாய்களைப் படம் பிடிக்கும் அறை. நடுவில் ஒடுங்கிய மேசை. அதைச் சுற்றி ஆளுயரத்துக்கு மேல் லாடம்போல் வளைந்த ஒரு பெரிய கை. எல்லோரும் அதை லாடம் என்றே சொல்வார்கள். அதன் ஒரு முனை மேசைக்கு மேலே இருக்கும், இன்னொன்று கீழே. டாக்டர் எந்தக் கோணம் கேட்கிறாரோ அந்தக் கோணத்துக்கு நோயாளியைச் சுற்றி வரும். கண்ணாடித் தடுப்புக்கு வெளியே உட்கார்ந்து அதை ஓட்டுபவர் படக்காரர்.

மேல்முனையில் ஒரு கனத்த பெட்டி. பெட்டியின் விளிம்பைச் சுற்றி விரல் தடிமனில் கறுப்பு ரப்பர் பட்டை. எதன்மீதாவது லேசாகப் பட்டால் போதும், அந்தப் பட்டை உணர்ந்துகொண்டு லாடத்தை நிறுத்தி அலற வைக்கும். பட்டை இல்லாத பழைய இயந்திரம் ஒன்று இருந்த காலத்தில், குறுக்கே நின்ற ஒரு சலைன் கம்பியை அது மடக்கிப் போட்டதாம். அந்தக் கம்பியை என்னிடம் காட்டினார். ஈர்க்குச்சியை மடக்கியதுபோல இருந்தது.

"இது இரும்பு. மனுசன் எலும்பு எம்மாத்திரம்?" என்றார்.

தினமும் காலையில் பட்டையை நான்கு பக்கமும் அழுத்திப் பார்த்துப் புத்தகத்தில் டிக் போடுவது அவர் வேலை. ஆனால் அவர் வருவதற்கு முன்பே நான் நான்கு பக்கமும் துடைத்திருப்பேன், அதுவும் நான்கு முறை கத்தியிருக்கும். அதனால் நாளடைவில் அந்தச் சோதனை ஒரு கேள்வியாகச் சுருங்கிவிட்டது. அவர் கேட்பார். நான் தலையாட்டுவேன். அவர் டிக் போடுவார். ஒன்றரை வருஷமாக இப்படித்தான்.

எனக்குப் பேச்சு வராது என்றில்லை. தொண்டை வரைக்கும் வரும். அங்கே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்துகொள்ளும். அதனால்தான் படக்காரர் எனக்குக் 'கிளி' என்று பெயர் வைத்தார். அதே ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருக்கும் என் அத்தையும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். "எங்க வீட்டுக் கிளி, ஒரு வார்த்தை பேசிச்சுன்னா ஊருக்கே விருந்து வெக்கிறேன்" என்பாள்.

அன்று காலை நான் விளிம்பைத் துடைத்தபோது அது கத்தவில்லை.

மனசு எங்கோ இருந்தது. முதல் பக்கத்தில் கவனிக்கவில்லை. நான்காவது பக்கம் முடியும்போதுதான் அறை இத்தனை அமைதியாக இருக்கிறதே என்று தோன்றியது. இன்னொரு முறை தொடலாம் என்று கையை நீட்டும்போது படக்காரர் உள்ளே வந்தார். பேனாவைக் காதிலிருந்து எடுத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"கத்துச்சா கிளி?"

என் தலை ஆடிவிட்டது.

நான் ஆட்டவில்லை. ஒன்றரை வருஷப் பழக்கம் ஆட்டியது. ஆனால் ஆடியது என் தலைதான். அவர் டிக் போட்டுப் புத்தகத்தை மூடினார். "அண்ணே" என்று கூப்பிட வாயைத் திறந்தேன். அதற்குள் அத்தை வாசலில் தள்ளுவண்டியோடு நின்றாள்.

"ஏய், வேடிக்கை பாக்கிறியா? ஒரு கை பிடி வா."

வண்டியில் படுத்திருந்தவர் முடி வெட்டும் கடை வைத்திருப்பவர். நல்ல பருமன். பயத்தை மறைக்க ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார். விரிப்பின் நான்கு முனைகளையும் பிடித்து அவரை மேசைக்கு மாற்றினோம். இடது கை மட்டும் உடம்போடு ஒட்டாமல், முழங்கை வெளியே துருத்திக்கொண்டு நின்றது.

"என்னண்ணே, இடுப்புல கை வெச்சுக்கிட்டு சண்டைக்கு நிக்கிற மாதிரி இருக்கு? மடக்குங்க" என்றாள் அத்தை.

"அது மடங்காது தாயி, நீளவும் நீளாது. சின்ன வயசுல விழுந்தேன், கட்டு போட்டவன் கோணலா ஒட்டிட்டான். ஆனா சீப்பு பிடிக்க இதைவிடத் தோதான கை கிடையாது. இதுதான் எங்க வீட்டுக்குச் சோறு போடுது." பிறகு படக்காரரை அண்ணாந்து பார்த்து, "தம்பி, தப்பா நெனக்காதீங்க. உங்க கிருதா ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கியிருக்கு. யாரு கை வெச்சது?" என்றார்.

"எங்க வீட்டுக்காரி."

"அதான் குறை சொல்ல முடியலபோல."

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்போடு சிரிப்பாக நான் மேசையைச் சுற்றிப் போய், என் தோளால் பட்டையை ஓர் இடி இடித்தேன். சத்தமே இல்லை. இன்னும் பலமாக இடித்தேன். செத்த பாம்பை மிதித்ததுபோல இருந்தது.

சொல்லியாக வேண்டும். யாரிடம் சொல்வது என்று திரும்புவதற்குள் டாக்டர் கையுறையோடு வந்துவிட்டார். நர்ஸ் பச்சைத் துணியை விரித்தார். சலூன்காரரின் கழுத்திலிருந்து கால் வரை மூடிக்கொண்டது, அந்த முழங்கையையும் சேர்த்து. அது கண்ணாடிக்கு எதிர்ப்பக்கம். படக்காரர் இடத்திலிருந்து பார்த்தால் அவருடைய வயிறுதான் தெரியும், அதற்கப்பால் ஒன்றும் தெரியாது. என்னையும் அத்தையையும் வெளியே போகச் சொன்னார்கள். கதவு மூடியது. மேலே சிவப்பு விளக்கு எரிந்தது.

தாழ்வாரத்தில் அத்தையின் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். திக்கித் திணறி எல்லாவற்றையும் சொன்னேன்.

அத்தையின் முகம் மாறியது. சுற்றும் முற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்.

"கத்தலைன்னா ஏன்டி தலையாட்டின?"

"தெரியல அத்தை."

"இப்பப் போய்ச் சொன்னா யாரு தலை உருளும்? உன்னை இங்க சேத்துவிட்டவ நான். தினம் எத்தனை பேருக்குப் பண்றாங்க, யாரையாவது இடிச்சிருக்கா?"

"தினம் அது கத்துச்சே அத்தை."

"கம்முனு கிட. நல்லபடியா முடிஞ்சதும் படக்காரர்கிட்ட மெதுவா நான் சொல்லிக்கிறேன்." அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

நான் துடைப்பானை எடுத்துத் தரையைத் துடைக்க ஆரம்பித்தேன். ஏற்கெனவே துடைத்த தரைதான். பெஞ்சில் சலூன்காரரின் மனைவி உட்கார்ந்திருந்தார். மடியில் கணவரின் சட்டையை மடித்து வைத்திருந்தார்.

"உள்ள வலிக்குமாம்மா?"

இல்லை என்று தலையாட்டப் போனேன். சட்டென்று கழுத்தைப் பிடித்து நிறுத்திக்கொண்டேன். என் தலையின் மேலேயே எனக்கு நம்பிக்கை போயிருந்தது.

"மணிக்கட்டு வழியாத்தான் கம்பி விடுவாங்கன்னாங்க. வலது கையாம். 'இடது கையத் தொட்டுடாதீங்க சாமி, அது என் பொழப்பு'ன்னு டாக்டர்கிட்டயே சொல்லிட்டாரு மனுசன். நெஞ்சு போனாலும் பரவால்ல, கை போகக்கூடாது அவருக்கு."

சுவருக்கு அந்தப் பக்கம் லாடம் முனகியது. அந்தச் சத்தத்தை நான் நன்றாக அறிவேன். தினமும் இந்தத் தாழ்வாரத்தில் நின்று கேட்பதுதான். முதலில் ஒரு குட்டை முனகல், அது வலப்பக்கம் சாய்வது. பிறகு இரண்டு மூன்று சின்ன நகர்வுகள். பிறகுதான் நீண்ட முனகல் வரும். அப்போது லாடம் மேசையின் மேலாக இடப்பக்கத்துக்கு முழுசாகச் சாய்ந்து இறங்கும். அந்த முழங்கை இருக்கும் பக்கத்துக்கு.

குட்டை முனகல் முடிந்தது. ஒரு சின்னது. சற்று நேரம் அமைதி. டாக்டர் படம் பார்க்கிறார். இன்னொரு சின்னது.

சொல்லாமலே இருந்தால் என்ன ஆகும் என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன். இடிக்காமலும் போகலாம். துணி விலகி, நர்ஸ் பார்த்திருக்கலாம். டாக்டர் இன்று இடப்பக்கம் கேட்காமலே விடலாம். இப்படி ஒவ்வொரு 'லாம்' ஆக எண்ணிக்கொண்டே, ஒரே தரைக்கல்லை எத்தனை முறை துடைத்தேனோ தெரியாது. அந்த அம்மா மடியிலிருந்த சட்டையின் இடது கையை நீவி நீவி நேராக்கிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது சின்ன முனகல்.

துடைப்பானைச் சுவரில் சாய்த்துவிட்டு, படக்காரர் உட்காரும் கண்ணாடி அறையின் கதவைத் திறந்தேன். வேலை நடக்கும்போது நான் அங்கே போகக்கூடாது. படக்காரர் திரும்பாமலே கையை விசிறினார்.

"அப்புறம் வா கிளி."

"அண்ணே…"

என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஒலிபெருக்கியில் டாக்டரின் குரல் வந்தது. "இடப்பக்கம் வாங்க." படக்காரர் லாடத்தை ஓட்டும் பிடியைத் தள்ளினார். நீண்ட முனகல் ஆரம்பித்தது. கண்ணாடிக்குள் லாடம் மெல்லச் சாய்வது தெரிந்தது. "இன்னும். இன்னும் கொஞ்சம்."

"அண்ணே, கை!"

"என்ன கை? சும்மா இரு."

படக்காரருடைய மேசையின் ஓரத்தில் காளான்போல ஒரு சிவப்புப் பொத்தான். ஒன்றரை வருஷமாக அதைச் சுற்றித் துடைத்திருக்கிறேனே தவிர, விரல் பட்டதில்லை. உள்ளங்கையால் ஓங்கி அடித்தேன்.

முனகல் அறுந்தது. லாடம் நின்றது. அதோடு படம் காட்டும் திரைகள் எல்லாம் கறுத்துப்போயின.

"படம் எங்க?" டாக்டரின் குரல் உயர்ந்தது. "படம் போச்சு! கம்பி உள்ள இருக்கு!"

படக்காரர் எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது. "என்ன காரியம் பண்ணின நீ? கம்பி நெஞ்சுக்குள்ள நிக்குது, தெரியுமா உனக்கு?"

அது எனக்குத் தெரியாது. திரையும் சேர்ந்து அணையும் என்றும் தெரியாது. ஒரு கையைக் காப்பாற்றப் போய் ஓர் உயிரைத் தொலைத்துவிட்டேனோ என்று நினைத்தேன். ஆனால் இத்தனை நேரம் உட்கார்ந்திருந்த பேச்சு அப்போதுதான் எழுந்தது.

"அந்தப் பக்கம் அவர் முழங்கை துருத்திக்கிட்டிருக்கு. பட்டை கத்தல. காலையிலேயே கத்தல. துணியைத் தூக்கிப் பாருங்க."

படக்காரர் என்னைப் பார்த்தார். பிறகு ஒலிவாங்கியை அழுத்தி, "சிஸ்டர், இடது பக்கம் துணியைத் தூக்குங்க" என்றார்.

நர்ஸ் தூக்கினார். பெட்டியின் கறுப்பு விளிம்பு அந்த முழங்கையின்மேல் உட்கார்ந்திருந்தது. சதை குழிந்து வெளுத்துப் போயிருந்தது.

"ஏதோ அமுக்குதுன்னு தெரிஞ்சுது. அசையக்கூடாது, பேசக்கூடாதுன்னீங்களேன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டிருந்தேன்" என்றது சலூன்காரரின் குரல்.

டாக்டர் ஒரு கையால் கம்பியை அப்படியே பிடித்துக்கொண்டு, நர்ஸிடம் பட்டையைத் தட்டச் சொன்னார். நர்ஸ் தட்டினார். மறுபடியும் தட்டினார். ஒன்றும் இல்லை.

இயந்திரம் மறுபடி உயிர்பெற நான்கு நிமிஷம் ஆனது. அந்த நான்கு நிமிஷமும் டாக்டரின் விரல்கள் கம்பியில் கல்லாகி நின்றன. இதயத்துடிப்பைக் காட்டும் சின்னத் திரை மட்டும் 'டிக், டிக்' என்றது. ஒவ்வொரு டிக்குக்கும் நடுவில் அடுத்தது வராமல் போய்விடுமோ என்று நான் செத்துச் செத்துப் பிழைத்தேன். படக்காரரின் நெற்றியிலிருந்து வியர்வை வழிந்து பொத்தான்கள்மேல் சொட்டியது.

படம் வந்தது. கம்பி இருந்த இடத்திலேயே இருந்தது. லாடத்தைப் பின்னால் எடுத்தார்கள்.

"அந்தப் பொண்ணை உள்ள அனுப்புங்க. ஈயக் கோட்டு மாட்டிவிடுங்க, கையை அவளே அணைச்சுப் பிடிச்சுக்கட்டும்" என்றார் டாக்டர்.

எக்ஸ்ரே கதிர் படாமல் காக்கும் அந்தக் கோட்டின் கனம் என்னைத் தரையோடு இழுத்தது. சலூன்காரரின் முழங்கையை என் இரண்டு கைகளாலும் அவர் விலாவோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன். நீண்ட முனகலோடு லாடம் இறங்கி என் மணிக்கட்டுக்கு ஒரு சாண் தள்ளிப் போனது. "ஏன் தாயி இவ்வளவு இறுக்கிப் பிடிக்கிற? நான் எங்க ஓடிடப் போறேன்?" என்றார் அவர், உதடு அசையாமல்.

ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்து அவரை வெளியே கொண்டுவந்தோம். மனைவி ஓடிவந்து முதலில் இடது கையைத்தான் தொட்டார்.

"சிவந்திருக்கே?"

"கோணல் அப்படியேதான் இருக்கு, பயப்படாத" என்றார் அவர்.

நான் துடைக்க உள்ளே போனபோது டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். படக்காரர் அவர் முன்னால் நின்றார்.

"நேத்து சாயங்காலம் அது சும்மா சும்மா கத்துதுன்னு நான் எரிஞ்சு விழுந்தேன். என்ன பண்ணீங்க?" என்று கேட்டார் டாக்டர்.

"பட்டையோட ஒயரைக் கழட்டினேன் சார். கேஸ் முடிஞ்சதும் மாட்டணும்னு இருந்தேன்." அவர் குரல் இறங்கியது. "மறந்துட்டேன்."

"காலையில அழுத்திப் பாத்தீங்களா? டிக் இருக்கே."

படக்காரர் என் பக்கம் கை காட்டினார். "இந்தப் பொண்ணு கத்துச்சுன்னு சொல்லுச்சு" என்றார்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "சொன்னியாம்மா?"

"சொல்லல சார். அவர் கேட்டாரு, நான் தலையாட்டினேன். அது கத்தல. தப்பு என்மேலயும்தான்."

டாக்டர் புத்தகத்தைப் பின்னோக்கிப் புரட்டினார். பக்கம் பக்கமாக டிக்.

"அப்ப இத்தனை நாளா இதுல இருக்கறதெல்லாம் இந்தப் பொண்ணோட தலைதானா?"

யாரும் சிரிக்கவில்லை. "நடந்ததை நடந்தபடி எழுதி மேல அனுப்புங்க" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

படக்காரர் திருப்புளியால் மூடியைத் திறந்து ஒயரை மாட்டினார். விளிம்பின் நான்கு பக்கத்தையும் தன் கையாலேயே அழுத்தினார். நான்கு முறையும் அது கத்தியது. புத்தகத்தில் அன்றைய டிக்கைக் கோடு கிழித்து நீக்கிவிட்டு, நடந்ததை வெகுநேரம் எழுதி, கையெழுத்துப் போட்டார். சாயங்காலம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார். நான் வாளியை நகர்த்தி வழிவிட்டேன்.

"அண்ணே, காலையிலயே நான் சொல்லியிருக்கணும்" என்றேன்.

அவர் நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. ஈரம் படாத ஓரமாகக் காலை வைத்து, தாழ்வாரத்தில் இறங்கி நடந்து போனார்.