பதினோராம் குழிக்கு முன்னால் ஒரு குளம்

அக்காவுக்கு முப்பத்தெட்டு வயதான வருடம், அவள் அடித்த பந்தெல்லாம் க்ரீனைத் தாண்டிப் போய் விழ ஆரம்பித்தது. குழியைச் சுற்றி வழவழவென்று வெட்டி வைத்திருக்கும் புல்தரைக்குத்தான் க்ரீன் என்று பெயர். பந்து அதன்மேல் போய் உட்கார வேண்டும். அக்காவின் பந்து பின்பக்கப் புதரில் போய் ஒளிந்துகொண்டது.

"பாத்தியாடா, இந்த வயசுல எனக்கு பலம் கூடுது. இப்படியே போனா அம்பது வயசுல யானையத் தூக்குவேன்," என்றாள் தம்பியிடம்.

"முதல்ல பந்தப் புதர்லேருந்து தூக்கு," என்றான் தம்பி.

பதினாறு வருடங்களாக அவளுடைய மட்டைப் பையைச் சுமப்பவன் அவன்தான். அந்த வேலைக்குக் கேடி என்று பெயர். வீடு வாடகைக்குக் கேட்டுப் போகும் இடத்தில் அதைச் சொல்ல முடியாது என்பதால் "விளையாட்டுத் துறை" என்று சொல்லி வைப்பான்.

அவர்களுடைய அப்பா ஒரு கோல்ஃப் பயிற்சித் திடலில் பந்து பொறுக்கும் வண்டி ஓட்டினார். திடல் திறப்பதற்கு முந்தின ஒரு மணி நேரம் அக்காவுக்குச் சொந்தம். இருபத்திரண்டு வயதில் அவள் தொழில்முறை ஆட்டக்காரி ஆனாள். தம்பி நில அளவை அலுவலகத்தில் சங்கிலி பிடித்துக்கொண்டிருந்தான். அங்கே பழகிய ஒரு விஷயம் அவன் உடம்பிலேயே தங்கிவிட்டது. மேடானாலும் பள்ளமானாலும் அவன் எடுத்து வைக்கும் ஒரு தப்படி, பிசகாமல் ஒரு கஜம். அதற்காகவே அக்கா அவனை வேலையை விடச் சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்தாள். "அடிஸ்கேல்" என்று பெயரும் வைத்தாள்.

தூரம் காட்டும் கருவிகள் கைக்கு வராத காலம் அது. போட்டிக்கு இரண்டு நாள் முன்னால் தம்பி தனியாக மைதானத்தை நடந்து அளப்பான். தண்ணீர் தெளிக்கும் குழாயின் மூடி, ஒற்றை மரம், மணல் பள்ளத்தின் ஓரம் என்று ஒவ்வொரு அடையாளத்திலிருந்தும் க்ரீன் வரைக்கும் எத்தனை தப்படி என்று எண்ணி, சட்டைப்பை நோட்டில் குறித்துக்கொள்வான். ஆட்டத்தின்போது அவன் எண்ணைச் சொல்வான். அவள் அதற்கேற்ற மட்டையை உருவுவாள்; எந்த மட்டை என்பது அவள் பாடு, அவன் கவனிப்பதில்லை. அவள் மறுபேச்சுப் பேசி அவன் பார்த்ததில்லை.

அக்கா போய்ச் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. அவளைப் பற்றி விசாரிப்பவர்கள் அவள் ஜெயித்த இரண்டு கோப்பைகளைப் பற்றித்தான் கேட்கிறார்கள். தம்பியும் சொல்கிறான். ஆனால் அவன் மனதில் ஓடுவது கோப்பை இல்லாத அந்த வருடம்தான்.

அந்த வருடம் மார்ச்சில் ஒரு சரிவில் வழுக்கி அவனுடைய வலது முட்டி பிசகியது. சொன்னால் அக்கா பையைப் பிடுங்கி வேறு யார் தோளிலாவது மாட்டிவிடுவாள் என்று பயந்தான். முழுக்கால் சட்டைக்குள் பட்டையைக் கட்டிக்கொண்டு நடந்தான். அக்காவின் பந்து தாண்ட ஆரம்பித்தது ஏப்ரலில். ஜூலையில் அது தானாகவே நின்றது. அவள் கை பழையபடி சரியாகிவிட்டது என்று தம்பி நினைத்துக்கொண்டான்.

வருடக் கடைசிப் போட்டி வந்தது. அது முடியும்போது தரவரிசையில் முதல் அறுபது பேருக்குள் இருந்தால்தான் மறுவருடம் ஆட உரிமம். மூன்றாம் நாள் ஆட்டம் முடிந்தபோது அக்கா ஐம்பத்திரண்டாவது இடத்தில் இருந்தாள். ஒழுங்காக ஒரு நாள் ஆடினால் போதும்.

அன்று சாயங்காலம் முட்டி பன் போல வீங்கியிருந்தது. விடுதி வராந்தாவில் நொண்டிக்கொண்டே போனபோது தரை ஓடுகளின் கோடுகள் அவன் காலுக்கு ஒத்துவரவில்லை. பழைய வேலையின் அளவு நாடா பெட்டியில் இருந்தது. எடுத்து வந்து பத்துத் தப்படி நடந்து அளந்தான். இருபத்தைந்து அங்குலம் குறைந்தது. திரும்ப நடந்தான். அதே இருபத்தைந்து.

தப்படிக்கு இரண்டரை அங்குலம். அவன் நூற்று நாற்பத்திரண்டு என்று சொன்ன இடமெல்லாம் உண்மையில் நூற்று முப்பத்திரண்டுதான். ஏப்ரல் மாதத்துப் புதர்கள் எல்லாம் வரிசையாகக் கண்முன் வந்தன. கட்டிலில் உட்கார்ந்து பதினெட்டுக் குழிகளுக்கும் எண்களைத் திருத்தி எழுதினான். அப்படியானால் ஜூலையிலிருந்து பந்து எப்படிச் சரியாக விழுந்தது என்று கேட்டுக்கொள்ள அவனுக்குத் தோன்றவில்லை.

மறுநாள் முதல் குழியிலேயே பந்து க்ரீனுக்கு முன்னால் செத்து விழுந்தது. மூன்றாவதிலும் அப்படியே. ஐந்தாவதில் மணலுக்குள் போனது. அக்கா வானத்தைப் பார்த்தாள், கையுறையைப் பார்த்தாள். கூட ஆடிய பெண்ணின் பையைச் சுமந்த மீசைக்காரர் மெதுவாகத் தம்பியிடம் வந்தார்.

"என்னப்பா, காலைல உங்க அக்கா சாப்பிடலியா?"

"பதட்டம் அண்ணே."

"அவங்களுக்கா? அவங்களப் பாத்து மத்தவங்க பதறித்தான் நான் பாத்திருக்கேன்."

எவ்வளவு குறைந்த அடிகளில் முடிக்கிறோமோ அவ்வளவு நல்லது என்கிற ஆட்டத்தில், ஒன்பது குழி முடிவதற்குள் மூன்று அடி கூடுதலாகப் போய்விட்டது.

பதினோராம் குழியின் க்ரீனுக்கு முன்னால் ஒரு குளம். அக்காவின் பந்து குழாய் மூடிக்குப் பக்கத்தில், நல்ல புல்லில் கிடந்தது.

"எவ்வளவு?"

"நூத்தி முப்பத்திரெண்டு."

அவள் மட்டையை எடுத்தாள். வைத்தாள். அதைவிடக் குறைந்த தூரம் போகும் சின்னதை எடுத்தாள். தம்பி வாயைத் திறப்பதற்குள் அடித்துவிட்டாள். அழகான அடி. நேராகப் போய்க் குளத்தின் நடுவில் விழுந்தது.

அக்கா திரும்பி அவனைப் பார்த்தாள்.

"நோட்டுல கை வச்சியா?"

"நேத்து சாயங்காலம். என் தப்படி குறைஞ்சிருக்குக்கா. அளந்து பாத்தேன்."

"எவ்வளவு?"

"ரெண்டர அங்குலம்."

"நான் ஜூலைலேருந்து நீ சொல்றதுல பத்து கழிச்சுட்டு அடிச்சிட்டிருக்கேன்டா, பாவி."

"தெரிஞ்சுமா சொல்லல?"

"சொன்னா பையக் கீழ வச்சிட்டு வீட்டுக்குப் போயிருப்ப. உன்ன எனக்குத் தெரியாதா? நீ ஏன் சொல்லல?"

"நீ பையப் பிடுங்கிடுவேன்னு."

"நல்ல குடும்பம்," என்றாள் அக்கா. நடுவர் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அபராத அடியை ஏற்றுக்கொண்டு வேறு பந்தை எடுத்தாள். "இனிமே நீ சொல்றதுதான். நான் ஒண்ணும் கழிக்க மாட்டேன். சத்தமா சொல்லு."

அந்தக் குழியில் இரண்டு அடி போனது. மீதி ஏழு குழியும் அவள் ஆடின ஆட்டத்தைத் தம்பி அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. பந்து சொன்ன இடத்தில் போய் உட்கார்ந்தது. மூன்று அடி திரும்பக் கிடைத்தது. அடிக்கணக்குத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு இருவரும் தரவரிசைப் பலகைக்கு எதிரே புல்லில் உட்கார்ந்தார்கள். அக்காவின் எண் அறுபதில் நின்றது. இன்னும் ஒரே ஒரு குழு பாக்கி.

அந்தக் குழுவில் இருபது வயதுப் பெண் ஒருத்தி கடைசிக் குழியில் நீளமான ஒரு தட்டல் தட்டினாள். பந்து வளைந்து வளைந்து போய் உள்ளே இறங்கியது. பலகைக்காரர் ஏணியில் ஏறி, அக்காவின் பெயரைக் கழற்றி, ஒரு வரிசை கீழே மாட்டினார். ஓர் அடியில் உரிமம் போயிற்று.

அக்கா அந்தப் பெண்ணுக்குக் கை தட்டினாள். பிறகு தம்பி பக்கம் திரும்பினாள்.

"கால நீட்டு."

"இங்க வேணாம்கா, எல்லாரும் பாக்கறாங்க."

"நீட்டுடா."

முட்டியைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. பானப் பெட்டியிலிருந்து ஐஸ் அள்ளி வந்து, பந்து துடைக்கும் துண்டில் சுற்றி, முட்டியில் வைத்துக் கட்டினாள்.

உரிமம் போனவர்களுக்குத் தகுதிச் சுற்று என்று ஒன்று உண்டு. ஆறு வாரத்தில் வருவதாக இருந்தது. சங்கத்துக் குமாஸ்தா விண்ணப்பத்தாளோடு வந்தார்.

"மேடம், இன்னைக்கே எழுதிக் குடுத்தா நல்லது."

"எழுதிக் குடு," என்றான் தம்பி. "மீசைக்காரரக் கூட்டிட்டுப் போ. அவரு ஆட்டக்காரி இந்த வருஷத்தோட நிறுத்துறா. அவரு சும்மாதான் இருப்பாரு."

"அவரு மீசைய முறுக்கிட்டே தூரம் சொல்வாரு. எனக்குச் சிரிப்பு வந்து மட்டை வழுக்கிடும்."

"வெளையாடாதக்கா. உனக்கு முப்பத்தெட்டு. ஒரு வருஷம் போனா போனதுதான்."

"அதுவும் தெரியும்." தாளைக் குமாஸ்தாவிடமே திருப்பிக் கொடுத்தாள். "அடுத்த வருஷம் வரோம் சார். இவனுக்கு முட்டிய அறுக்கணும்."

அறுத்தார்கள். மறுவருடம் முழுக்க அக்கா பயிற்சித் திடலில் பணக்காரப் பிள்ளைகளுக்கு மட்டை பிடிக்கச் சொல்லிக் கொடுத்தாள். தினமும் காலையில் தம்பியை வீட்டுத் தெருவில் நடக்க விட்டு, பின்னால் அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு திட்டிக்கொண்டே வந்தாள். எட்டு மாதத்தில் தப்படி மறுபடியும் ஒரு கஜத்துக்கு வந்தது.

தகுதிச் சுற்றில் இருபது இடம் இருந்தது. அக்கா இருபத்து மூன்றாவதாக வந்தாள். தம்பி சொன்ன எண்களில் ஒன்றுகூடத் தப்பில்லை. காற்றும் இல்லை. பந்துகள் முன்னைவிடக் கொஞ்சம் குறைந்த தூரமே போயின, அவ்வளவுதான்.

"இன்னைக்கு உன்மேல பழி போடக்கூட வழியில்லாமப் போச்சேடா," என்று கையுறையைக் கழற்றினாள். "வா, பசிக்குது."