ஆசரின் நான்காம் மாதம்

1

இந்தக் கதை கேட்டு வாங்கப்பட்ட கதை. போன வாரம் பத்திரிகை ஆசிரியர் அழைத்தார்.

"இப்திசாம் மேடம், பதினோரு வருஷமா ஊர்க் குழந்தைங்களைப் பத்தி எழுதுறீங்க. இந்தத் தடவை உங்க வீட்டுக் குழந்தையைப் பத்திக் கதையா எழுதுங்களேன். மாசத்துக்கு ஒரு பத்தி. படிக்கிறவங்க சிரிச்சுக்கிட்டே மூடணும்."

எழுதுகிறேன் என்றேன். சிரிப்புக்கு நான் பொறுப்பில்லை.

குழந்தை எந்த மாதம் தலை நிமிர்த்தும், எந்த மாதம் குப்புறக் கவிழும், எப்போது உட்காரும், எப்போது நடக்கும் என்று மாதாமாதம் எழுதுவது என் பிழைப்பு. எனக்குக் குழந்தை கிடையாது. டாக்டர் ஒருவர் அனுப்பும் பட்டியலை வாங்கி, இரண்டு கொஞ்சல் வார்த்தை சேர்த்துக் கொடுப்பேன். கெய்ரோவில் பாதி அம்மாக்கள் அதைக் கத்தரித்துக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டி வைத்திருக்கிறார்கள். ஆசரின் அம்மா, என் தம்பி மனைவி ராவியாவும் ஒட்டியிருந்தாள்.

முதல் வரைவு இப்படி ஆரம்பித்தது:

எங்கள் ஆசர் இரண்டாம் மாதமே வாய் நிறையச் சிரித்தான். மூன்றாம் மாதம் எங்கள் குரல் கேட்டதும்

அடித்துவிட்டேன். அடித்ததை உங்களுக்குத் தெரியும்படியே விட்டு வைக்கிறேன். என் அழகான வாக்கியங்கள் எந்த இடத்தில் தடுக்கி விழுகின்றன என்று நீங்களும் பாருங்கள்.

2

வீட்டைச் சொல்லாமல் பிள்ளையைச் சொல்ல முடியாது.

கீழே பட்டறை, மேலே நாங்கள். ஃபூல் பயறு வேகவைக்கும் பெரிய குடங்களைத் தட்டி எடுக்கிற குடும்பம். அண்ணன் ரஷ்வான் முதலாளி, தம்பி ஹம்தி கூடவே நிற்பவன். ஊரில் ஃபூல் விற்காத தெரு கிடையாது. அதனால் எங்களுக்கு ஓய்வும் கிடையாது. நாள் முழுக்கப் பதினாறு சுத்தியல் ஒரே நேரத்தில் இறங்கும், ரமலான் நெருங்கினால் இரவிலும். ராவியா மடியில் பிள்ளையோடு மூட்டை கட்டுபவர்களை மேய்ப்பாள், வண்டிக்காரர்களிடம் சண்டை போடுவாள்.

இந்த வீட்டில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால் கேட்காது. தரையைக் காலால் இரண்டு முறை உதைத்தால் "இங்கே பார்". உள்ளங்கையைக் கவிழ்த்தால் "சாப்பாடு தயார்". ரஷ்வான் அண்ணன் எதிர் மூலையிலிருந்து இரண்டு விரலில் ஒருவனை வேலையை விட்டே அனுப்பிவிடுவார். வாய் திறந்து பேசுவது வெள்ளிக்கிழமை மட்டும். அன்றைக்கும் கத்திக்கொண்டுதான் பேசுவோம்.

(ஆசிரியர் இந்தப் பகுதியைச் சுருக்கச் சொல்வார். சுருக்க மாட்டேன். கதையின் கழுத்து இங்கேதான் அறுபடுகிறது.)

3

பிறந்த ஏழாம் நாள். எங்கள் வழக்கப்படி ஆசரைச் சல்லடையில் கிடத்தி ஆட்டினோம். உப்பை வாரித் தூவினோம். பிறகு பித்தளை உரலை அவன் தலைமாட்டில் வைத்து, உலக்கையால் இடித்துக்கொண்டே சொல்ல வேண்டும்: "அம்மா பேச்சைக் கேளு. அப்பா பேச்சைக் கேட்காதே." அத்தை என்ற முறையில் இடித்தது நான். நன்றாக ஓங்கி இடித்தேன். மற்றக் குழந்தைகள் இந்த இடத்தில் கைகால் உதறி வீறிட்டு அழும்.

ஆசர் கொட்டாவி விட்டான்.

வீடே ஆர்ப்பரித்தது. ரஷ்வான் அண்ணன் ஹம்தியின் முதுகில் ஓர் அறை வைத்தார்.

"பாருடா! பட்டறைக்குன்னே பொறந்திருக்கான். உன்னை மாதிரி தொடைநடுங்கி இல்ல. நீ ஏழாம் நாள் அழுத அழுகை எதிர்த்தெரு வரைக்கும் கேட்டுச்சு."

"அழுதா என்னண்ணே? இப்ப என் மகன் சிங்கம்."

நானும் சிரித்தேன். குலவை போட்டேன். இனிப்பும் கடலையும் பங்கு பிரித்தேன். பதினாறு சுத்தியலுக்கு நடுவே அவன் தூங்குவதைக் காட்டுவதற்கென்றே வாடிக்கையாளர்களை மாடிக்கு அழைத்து வந்தோம். கண் பட்டுவிடும் என்று சொல்லி நீல மணி மாட்டிவிட்டோம். காதைத் தவிர எல்லாவற்றையும் பாதுகாத்தோம்.

அவன் பிறந்த இடத்தில் அப்போது யாரும் காதைச் சோதித்துப் பார்க்கவில்லை. இதைச் சாக்காகச் சொல்லவில்லை. சாக்குதான். இருக்கட்டும்.

4

நான்காம் மாதம். மதியச் சாப்பாட்டு நேரம். ராவியா ஹம்தியின் முன்னால் வந்து நின்றாள்.

"ஏங்க, இவன் நான் கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கிறான்."

ஹம்தி ரொட்டியைப் பிய்த்து பயற்றில் தோய்த்தான்.

"காலை உதைச்சுப் பாரு. டக்குனு திரும்புவான்."

"அது தரை அதிருது, திரும்புறான். நான் குரலைச் சொல்றேன்."

"ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு வேகம் இருக்கு ராவியா. சும்மா பயந்து சாகாதே."

இந்தக் காட்சி சரியாக வந்திருக்கிறது என்று நினைக்கிறேன். அக்கறையில்லாத அப்பா, தவிக்கிற அம்மா. வாசகருக்கு யாரைத் திட்டுவது என்று உடனே தெரிந்துவிடும். திட்டிக்கொள்ளுங்கள். ஏழாம் பகுதி வரை நேரம் இருக்கிறது.

5

ஆறாம் மாதம் ஆசர் உட்கார்ந்தான். அதே மாதம் "ப்பா, ப்பா" என்று ஏதோ சொன்னான். ஹம்தி பட்டறை முழுக்கத் தேநீர் வாங்கிக் கொடுத்தான். எட்டாம் மாதம் தவழ்ந்தான். ஒன்பதாம் மாதம்

ஒன்பதாம் மாதம் அந்த "ப்பா" நின்றுபோனது. தன் குரல் தனக்கே எட்டாத பிள்ளை எத்தனை நாள் தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பான்? யாரும் கவனிக்கவில்லை. ரமலான் நெருங்கிவிட்டது, இருநூறு குடம் பாக்கி இருந்தது. அவன் உள்ளங்கையைக் கவிழ்த்துச் சோறு கேட்டான். வீடு அதற்கும் ஆர்ப்பரித்தது.

பதினோராம் மாதம் நடந்தான். பன்னிரண்டில் கேக் வெட்டினோம்.

மாதாமாதம் எடுத்த புகைப்படங்கள் வரிசையாக இருக்கின்றன. எல்லாவற்றிலும் அழகாக இருக்கிறான், கண் எடுக்க முடியாத அழகு. எந்தப் படத்திலும் காது கேட்காதது தெரியவில்லை.

6

பதினான்காம் மாதம், ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறை. பட்டறை பூட்டியிருந்தது. ஜன்னலோரமாக நானும் ஹம்தியும் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தோம். அண்ணன் பிள்ளைகள் தரையில் விளையாடினார்கள், ஆசரும் அவர்கள் நடுவில் இருந்தான். அப்போது தெருவில் கேஸ் சிலிண்டர்காரன் வந்தான். எங்கள் ஜன்னலுக்கு நேர் கீழே வண்டியை நிறுத்தி, ஸ்பேனரால் சிலிண்டரை ணங் ணங்கென்று அடித்தான். அமைதியான வீட்டுக்குள் அது குண்டு போல விழுந்தது. பிள்ளைகள் எல்லோரும் காதைப் பொத்தினார்கள். ஒருத்தி வீறிட்டாள்.

ஆசர் ஆரஞ்சுத் தோலைத் தரையில் அடுக்கிக்கொண்டிருந்தான்.

ஹம்தி பழத்தைக் கீழே வைத்தான். சத்தம் போடாமல் எழுந்து மகனுக்குப் பின்னால் போய் நின்றான். "ஆசர்" என்றான். "ஆசர். ஆசர்." பிறகு கத்தினான். தெருவிலிருந்த சிலிண்டர்காரன் நிமிர்ந்து பார்த்தான். பிள்ளை நிமிரவில்லை.

இரண்டு வாரம் கழித்துப் பரிசோதனை நடந்தது. நானும் ஹம்தியும் ராவியாவும் போயிருந்தோம், ஆசர் ராவியாவின் தோளில். காகிதத்தைப் பார்த்துவிட்டு டாக்டர் அம்மா சொன்னார்: "ரெண்டு காதுலயும் கேக்குறது ரொம்பக் குறைவுங்க. நாலாவது மாசமே கூட்டிட்டு வந்திருக்கலாமே. பேச்சுக்குப் பத்து மாசம் சின்ன விஷயம் இல்ல."

வெளியே வந்ததும் வராண்டாவிலேயே ஹம்தி ராவியா மேல் பாய்ந்தான்.

"நீதானே கூடவே கெடக்க? பெத்தவ தானே நீ? உனக்குத் தெரியலையா?"

ராவியா ஆசரைத் தோளில் இன்னும் ஏற்றிப் பிடித்தாள்.

"வாயில என்ன கொழுக்கட்டையா? கேக்குறேன்ல!"

அவள் அவனைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை.

7

இங்கே நிறுத்துங்கள். நான்காம் பகுதியைத் திரும்பிப் படியுங்கள்.

ராவியா ஏற்கெனவே சொல்லிவிட்டாள் என்றால், வராண்டாவில் ஹம்தி ஏன் அப்படிக் கேட்க வேண்டும்? அவனுக்கு மறதியா? இல்லை. அந்தக் காட்சி நான் கட்டியது. அவள் ஹம்தியிடம் போகவே இல்லை. அவள் வந்தது என்னிடம். குழந்தைகளைப் பற்றி எழுதுகிறவளிடம், தன் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டியிருந்த காகிதத்தின் எஜமானியிடம் வந்தாள். "ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு வேகம் இருக்கு" என்று சொன்னது நான். அதோடு விடவில்லை. "மூணு வருஷமா இதையே எழுதுறேன், எனக்குத் தெரியாதா ராவியா? போ, பால் குடு" என்றேன்.

சொன்னபோது மேஜையில் நான்காம் மாதப் பத்திதான் இருந்தது. பாதி எழுதிய வரி: 'இந்த மாதம் உங்கள் செல்லம் உங்கள் குரல் வந்த திசைக்குத்'

திரும்பும். எழுதி முடித்து அனுப்பினேன். அச்சாகி வந்தது.

வராண்டாவில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அண்ணன் அன்று மாலை "பெத்தவளுக்கே அக்கறை இல்லன்னா ஊர் என்ன பண்ணும்" என்றார். அப்போதும் சொல்லவில்லை. ஏழு வருடமாக இந்த வீட்டில் ராவியா பிள்ளையைக் கவனிக்காத அம்மா. அத்தைகள், மச்சினிகள், மூட்டை கட்டுகிறவள் வரை எல்லோரும் அவளுக்குப் புத்தி சொல்கிறார்கள். அவள் ஒரு நாளும் என் பெயரைச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று ஒருமுறை கேட்டேன்.

"சொன்னா மட்டும் பத்து மாசம் திரும்பி வருமாக்கா?" என்றாள். பிறகு, "நீங்களா சொல்வீங்கன்னு பாத்துக்கிட்டிருக்கேன்" என்றாள்.

எனக்கு யார் மேல் கோபம் என்று கேட்காதீர்கள். ஹம்தி மேல் இருக்கிறது. அண்ணன் மேல் இருக்கிறது. கொட்டாவிக்குக் குலவை போட்ட எல்லோர் மேலும் இருக்கிறது. மிச்சத்தை நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள்.

8

முடிவு வேண்டும் என்கிறார் ஆசிரியர். இரண்டு எழுதிப் பார்த்தேன்.

அ) காதில் கருவி பொருத்துகிறார்கள். ஆசர் முதன்முறையாக அம்மா குரல் கேட்டு விழி விரிக்கிறான். எல்லோரும் அழுகிறார்கள். (இதைத்தான் அச்சடிப்பார்கள். நீங்களும் அழுதுவிட்டு மூடிவிடுவீர்கள். தர மாட்டேன்.)

ஆ) கருவி பலிக்கவில்லை. வீட்டின் கை பாஷையே அவன் பாஷை ஆகிறது. பட்டறையில் அவனைவிடக் கெட்டிக்காரன் இல்லை. (இதுவும் ஆறுதல்தான். எங்கள் தப்புக்கு நாங்களே கொடுத்துக்கொள்ளும் மெடல்.)

ஆசருக்கு இப்போது எட்டு வயது. அவன் எப்படி இருக்கிறான் என்பது அவன் சங்கதி. அவனைக் கேட்காமல் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

இந்தக் கதை அச்சானால் ஹம்தி படிப்பான். நான் எழுதுகிற எல்லாவற்றையும் படிப்பவன் அவன். அதற்காகத்தான் எழுதுகிறேன். அச்சாகாவிட்டால் கைப்பிரதியைக் கொண்டுபோய் அவன் சாப்பாட்டுத் தட்டுப் பக்கத்தில் வைப்பேன்.

9

ஆகவே முடிவை எழுத மாட்டேன். அதற்குப் பதில் அந்த மதியத்தை உங்களிடம் ஒப்படைக்கிறேன்.

கீழே பதினாறு சுத்தியல். சாயங்காலத்துக்குள் பத்தி போயாக வேண்டும், பத்திரிகை ஆள் வாசலில் காத்திருக்கிறான். கையில் பேனா. கதவு திறக்கிறது. ராவியா நிற்கிறாள், தோளில் நான்கு மாதப் பிள்ளை. அவள் தலைமுடி சீவவில்லை. கத்தினாலும் கேட்காது என்பதால் பக்கத்தில் வந்து குனிகிறாள்.

"அக்கா, ஒரே ஒரு நிமிஷம். என் கூட மொட்டை மாடிக்கு வாங்க, அங்க சத்தம் கொறச்சல். இவனுக்குப் பின்னால நின்னு ஒரு தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்களேன்."

நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பது நீங்கள்.